மாஸ்டடான் செயலியின் முகப்பு ஃபீடை இணைப்பு இல்லாதபோதும் காட்டுவது எப்படி?

கேள்வி: மலைப்பாதை

வணக்கம். சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்கான ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைக் கோட்லின் மொழியில் எழுதி வருகிறேன். இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தில் படிப்பது, பதிவிடுவது, பதில் எழுதுவது எல்லாம் ஒழுங்காகவே நடக்கின்றன. ஆனால் எனக்காகச் செயலியைச் சோதித்துப் பார்க்கும் தம்பி வால்பாறையில் பணிபுரிகிறான். ஆழியாற்றிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பேருந்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவனுக்குப் படிக்க அவகாசம் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் என் செயலி வெள்ளைத் திரையையும் ஒரு சுழலும் வட்டத்தையும் காட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில், இணைய அழைப்புகளைக் கையாளும் ஓகேஹெச்டிடிபி நூலகத்தில் 20 எம்பி அளவுக்கு ஒரு கேச் (வந்த விடைகளின் தற்காலிகச் சேமிப்பு) அமைத்தேன். முகப்பு ஃபீடைப் பொறுத்தவரை அதில் எதுவுமே சேமிக்கப்படவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்து, கைப்பேசியிலேயே தரவைச் சேமிக்கும் ரூம் தரவுத்தளத்தையும், பட்டியலைப் பக்கம் பக்கமாக ஏற்றும் பேஜிங் 3 நூலகத்தில் சர்வரிலிருந்து பெற்றுத் தரவுத்தளத்தில் எழுதும் பகுதியான ரிமோட்மீடியேட்டரையும் கூகுளின் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டின்படியே பயன்படுத்தினேன். இப்போது வெள்ளைத் திரை வருவதில்லை. ஆனால் வேறு மூன்று சிக்கல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒன்று: வீட்டில் வைஃபையில் இருக்கும்போது 200 பதிவுகள் வரை சேமித்து வைக்கிறான். வழியில் சில நொடிகள் சிக்னல் கிடைத்ததும் செயலி தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது; புதிய 20 பதிவுகள் வருகின்றன, பழைய 200 பதிவுகளும் அழிந்துவிடுகின்றன. பிறகு சிக்னல் போய்விடுவதால் கையில் மிஞ்சுவது அந்த 20 மட்டுமே. இரண்டு: படித்துக்கொண்டிருந்த இடம் தொலைந்து, பட்டியல் உச்சிக்குத் தாவிவிடுகிறது. மூன்று: எழுதியவரே நீக்கிவிட்ட பதிவு ஒன்று மறுநாளும் அவன் திரையில் இருந்தது. இது எனக்கு மற்ற இரண்டையும் விட அதிக மனச்சங்கடத்தைத் தந்தது.

இவற்றோடு, இணைப்பு இல்லாதபோது இடும் விருப்பக்குறியையும் எழுதும் பதிவையும் எப்படிக் கையாள்வது, எத்தனை நாள் பதிவுகளைச் சேமித்து வைப்பது முறை என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நிரல்திண்ணை

உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். மற்றவற்றில் என்னைவிட அனுபவமுள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

உள்நுழைந்த பயனருக்கு மாஸ்டடான் சர்வர் தரும் விடைகளோடு சேர்ந்து வரும் கேச் கண்ட்ரோல் என்ற தலைப்புக் குறிப்பில் (ஹெட்டர்) 'பிரைவேட், நோ ஸ்டோர்' என்றே பொதுவாக வரும். 'நோ ஸ்டோர்' என்பது இந்த விடையை எங்கும் சேமிக்காதே என்ற கட்டளை. ஓகேஹெச்டிடிபி அதை மதித்து நடந்திருக்கிறது. விடையை இடைமறித்து மாற்றும் ஒரு இன்டர்செப்டரை எழுதி அந்தத் தலைப்பை மாற்றிவிடலாம் என்று பல பழைய கட்டுரைகள் சொல்லித்தருகின்றன. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். தலைப்பை மாற்றுவது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, அது உங்கள் சிக்கலைத் தீர்க்கவும் தீர்க்காது. ஹெச்டிடிபி கேச்சுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முகவரியும் அந்த முகவரிக்கு வந்த விடையும்தான். அந்த விடைக்குள் 20 பதிவுகள் இருக்கின்றன என்பதோ, அவற்றில் ஒன்று வேறொரு விடையிலும் இருக்கிறது என்பதோ அதற்குத் தெரியாது. ஒரு பதிவுக்கு நீங்கள் விருப்பக்குறி இட்டால், அந்தப் பதிவு அடங்கிய பழைய விடைகள் எதுவும் மாறாது. கீழே உருட்ட உருட்ட முகவரியில் உள்ள மேக்ஸ் ஐடி (இந்த ஐடிக்கு முந்தைய பதிவுகளைத் தா என்ற அளவுரு) மாறிக்கொண்டே போவதால், நேற்றுச் சேமித்த பக்கங்களின் முகவரிகளும் இன்று கேட்கும் பக்கங்களின் முகவரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் மாட்டா.

ஹெச்டிடிபி கேச் பொருந்துவது படங்களுக்கும், எப்போதாவது மட்டுமே மாறும் எமோஜிப் பட்டியல் போன்றவற்றுக்கும்தான். படங்களை ஏற்ற நீங்கள் கிளைடு அல்லது காயில் நூலகத்தைப் பயன்படுத்துவீர்கள் என்று எண்ணுகிறேன். இரண்டிலும் வட்டுக் கேச் உள்ளேயே இருக்கிறது, கிளைடின் இயல்பான அளவு 250 எம்பி. படத்தைத் தரவுத்தளத்தில் பைட்டுகளாகத் திணிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் தரவுத்தளத்திலிருந்து வரிசைகளைப் படிக்கும் கர்சர் விண்டோவின் அளவு சுமார் 2 எம்பிதான். அதைத் தாண்டும் ஒரு வரிசையைப் படிக்க முயன்றால் செயலி முறிந்துவிடும். தரவுத்தளத்தில் படத்தின் முகவரியையும், மாஸ்டடான் ஒவ்வொரு படத்துடனும் அனுப்பும் பிளர்ஹாஷ் என்ற சிறு ஸ்ட்ரிங்கையும் வைத்தாலே போதும். படம் இறங்காத நிலையிலும் அதன் நிறச்சாயலைக் காட்டலாம். படத்துக்கு எழுதப்பட்ட விளக்கத்தையும் உடன் காட்டினால், பேருந்தில் இருப்பவர் பதிவைப் புரிந்துகொள்ள அதுவே பல நேரங்களில் போதுமானதாக இருக்கும்.

மறுமொழி: பத்தாயம்

நானும் இதே வேலையை ஒரு முறை தவறாகச் செய்து, முழுவதையும் கலைத்து மீண்டும் எழுதியவன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பின்பற்றிய எடுத்துக்காட்டில் குறை ஒன்றும் இல்லை. அது வேறொரு தேவைக்கு எழுதப்பட்டது. தேடல் முடிவுகளைப் போன்ற ஒரு பட்டியலில், புதிய முடிவு வந்தால் பழையது செல்லாது. ஆகவே புதுப்பிக்கும்போது அட்டவணையைத் துடைத்துவிட்டு எழுதுவது அங்கே சரி. முகப்பு ஃபீட் அப்படிப்பட்டதன்று. அதில் உள்ள பதிவுகள் காலவரிசையில் நிற்கின்றன. புதியவை மேலே சேர்வதால் கீழே இருப்பவை பொய்யாகிவிடுவதில்லை. எனவே ரெஃப்ரெஷ் நேரத்தில் அட்டவணையை அழிக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எடுத்த உடனேயே இன்னொரு சிக்கல் தலைகாட்டும்: சேமிப்பில் உள்ளவற்றுக்கும் புதிதாக வந்தவற்றுக்கும் நடுவில் நீங்கள் பெறாத பதிவுகள் இருக்கலாம். நேற்று இரவு வரை 200 பதிவுகள் இருக்கின்றன. இன்று காலை புதிதாக 40 வந்தன. நடுவில் 300 பதிவுகள் விடுபட்டிருக்கலாம். அவற்றை ஒட்டவைத்துத் தொடர்ச்சியாகக் காட்டினால் படிப்பவரை ஏமாற்றுகிறோம். நம்மிடம் இல்லாதது எந்த இடத்தில் என்பதையும் தரவுத்தளம் அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு நான் வைத்திருக்கும் அமைப்பு இது. பதிவுகளுக்கு ஓர் அட்டவணை. அதன் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது), கணக்கின் எண்ணும் பதிவின் ஐடியும் சேர்ந்தது. கணக்கையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: பதிவு ஐடி அந்தந்தச் சர்வருக்கு உள்ளே மட்டுமே பொருள் உடையது, மேலும் ஒரே சர்வரில் இரண்டு கணக்குகள் இருந்தாலும், நான் விருப்பக்குறி இட்டேனா என்ற தகவல் கணக்குக்குக் கணக்கு வேறுபடும். டைம்லைனுக்கு, அதாவது ஃபீடின் வரிசைக்கு, தனியாக இன்னொரு அட்டவணை. அதில் உள்ளடக்கம் எதுவும் இல்லை, வரிசையில் நிற்கும் ஐடியும், எந்தப் பதிவைக் காட்ட வேண்டும் என்ற சுட்டும், இந்த இடத்தில் இடைவெளி உள்ளதா என்ற குறியும் மட்டுமே உண்டு. பூஸ்ட் செய்யப்பட்ட, அதாவது வேறொருவர் மறுபகிர்வு செய்த, பதிவுக்கு இந்தப் பிரிப்பு இன்றியமையாதது. பூஸ்டுக்கு ஓர் ஐடியும் மூலப் பதிவுக்கு வேறோர் ஐடியும் இருப்பதால், இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் ஒரே பதிவு இரண்டு நிலைகளில் சேமிக்கப்பட்டு, ஓரிடத்தில் விருப்பக்குறியுடனும் இன்னோரிடத்தில் அது இல்லாமலும் தெரியும்.

ஐடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது எண்ணைப் போலத் தோன்றினாலும் மாஸ்டடான் அதை ஸ்ட்ரிங்காகத்தான் தருகிறது; அப்படியேதான் சேமிக்கவும் வேண்டும், ஏனெனில் அதே ஏபிஐயை, அதாவது செயலி சர்வரிடம் பேசும் அதே முறையை, பின்பற்றும் வேறு மென்பொருள்கள் எண்ணல்லாத ஐடிகளையும் தருகின்றன. வரிசைப்படுத்தும்போது முதலில் நீளத்தையும், நீளம் சமமாக இருந்தால் எழுத்து வரிசையையும் ஒப்பிடுங்கள்.

இனி, புதுப்பிக்கும் முறை. ஒரே அழைப்பில் அதிக அளவான 40 பதிவுகளைக் கேளுங்கள். வந்த 40 இல் மிகப் பழையதன் ஐடி, உங்கள் சேமிப்பில் உள்ள மிகப் புதியதன் ஐடிக்குச் சமமாகவோ அதைவிடப் பழையதாகவோ இருந்தால், தொடர்ச்சி அறுபடவில்லை. இல்லையென்றால், வந்தவற்றில் கடைசிப் பதிவுக்குக் கீழே இடைவெளிக் குறியை வையுங்கள். நான் தொடக்கத்தில், சேமிப்பில் உள்ள மிகப் புதிய பதிவு வந்த விடையில் இருக்கிறதா என்று தேடினேன். அது தவறு. அந்தப் பதிவே இடையில் நீக்கப்பட்டிருந்தால் அது ஒருபோதும் விடையில் வராது. தொடர்ச்சி இருந்தும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவோம். வரிசையை ஒப்பிட வேண்டுமே தவிர, பதிவு இருக்கிறதா என்று தேடக் கூடாது.

இடைவெளியை நிரப்ப மேக்ஸ் ஐடி, சின்ஸ் ஐடி, மின் ஐடி என்று மூன்று அளவுருக்கள் இருக்கின்றன. இவற்றில் சின்ஸ் ஐடிக்கும் மின் ஐடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. குறிப்பிட்ட ஐடிக்குப் பிறகு 300 பதிவுகள் இருந்தால், சின்ஸ் ஐடி அவற்றில் மிகப் புதிய 40 ஐத் தரும். மின் ஐடியோ அந்த ஐடியை ஒட்டி அடுத்து வந்த 40 ஐத் தரும். பழையதிலிருந்து புதியதை நோக்கி மேலே படித்துக்கொண்டு போகிறவருக்கு மின் ஐடிதான் தேவை; சின்ஸ் ஐடியைக் கொடுத்தால் இடைவெளி அப்படியே இருக்கும், இடம் மட்டும் மாறும். மேலிருந்து கீழே படித்துவருபவர் இடைவெளிக் குறியைத் தொட்டால், குறிக்கு மேலுள்ள பதிவின் ஐடியை மேக்ஸ் ஐடியாகக் கொடுங்கள். விடை காலியாக வந்தாலோ, பழைய பகுதியைத் தொட்டுவிட்டாலோ குறியை எடுத்துவிடலாம். 40 கேட்டு 31 வந்தது என்பதற்காக ஃபீட் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். கேட்டதைவிடக் குறைவாக வருவது இயல்பு. அடுத்த பக்கம் உண்டா என்பதை விடையின் லிங்க் தலைப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எழுதும் வேளையில் உள்ள இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு வார இறுதிகளைத் தின்ற பிழை இது. ரூமில் அதே கீ உள்ள வரிசை ஏற்கெனவே இருந்து மோதல் வந்தால் 'ரிப்ளேஸ்' என்று குறித்திருந்தால், ரூமுக்கு அடியில் இயங்கும் எஸ்கியூலைட் பழைய வரிசையைத் திருத்துவதில்லை. அழித்துவிட்டுப் புதிதாக நுழைக்கிறது. டைம்லைன் அட்டவணையிலிருந்து பதிவைச் சுட்டும் ஃபாரின் கீயில் 'கேஸ்கேட்' (பதிவு அழிந்தால் இதையும் அழி) இருந்தால், பதிவைப் புதுப்பித்த நொடியே டைம்லைனில் அதற்கான வரிசை காணாமல் போகும். பதிவுகள் காரணமின்றி மறைவதாகத் தோன்றும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ரூம் 2.5 பதிப்பிலிருந்து கிடைக்கும், வரிசை இருந்தால் திருத்தி இல்லையென்றால் நுழைக்கும் 'அப்சர்ட்' குறிப்பைப் பயன்படுத்துங்கள். பதிவுகளையும் டைம்லைன் வரிசைகளையும் இடைவெளிக் குறியையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். நடுவில் செயலி நின்றுபோனாலும் பாதி நிலை மிஞ்சக் கூடாது.

படிக்கும் இடத்தைப் பொறுத்தவரை, திரையின் மேல்விளிம்பில் தெரியும் பதிவின் ஐடியையும் அது விளிம்பிலிருந்து எத்தனை பிக்செல் தள்ளி நிற்கிறது என்பதையும் சேமியுங்கள். பட்டியலில் அதன் எண்ணைச் சேமித்தால், மேலே ஒன்று சேர்ந்ததுமே அந்த எண் வேறு பதிவைச் சுட்டும். ரிமோட்மீடியேட்டரின் இனிஷியலைஸ் செயற்கூறு, தொடக்கப் புதுப்பிப்பைத் தவிர்க்கச் சொல்லும் மதிப்பைத் திருப்பித் தரட்டும். செயலி திறந்ததும் சேமிப்பில் உள்ளதே முதலில் தெரியட்டும். புதியவை வந்திருப்பதை ஒரு சிறு பொத்தானாகக் காட்டினால் போதும், தொடுவதா வேண்டாமா என்பதைப் படிப்பவர் தீர்மானிக்கட்டும்.

மறுமொழி: தாழ்வாரம்

மூன்றாவது சிக்கலை நீங்கள் மனச்சங்கடத்தோடு குறிப்பிட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர், வீட்டின் கதவு எண்ணும் தெருப் பெயரும் தெரியும் ஒரு படத்தைத் தவறுதலாகப் பதிந்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் நீக்கினார். நீக்கிவிட்டோம் என்று அவர் நிம்மதியாகத் தூங்கப் போனபின்பும் அந்தப் படம் மற்றவர்களின் கைப்பேசிகளில் இருந்தது. கேச் எழுதுகிற நாம் நம் பயனரின் வசதியை மட்டும் எண்ணினால் போதாது. எழுதியவரின் விருப்பத்துக்கும் நாம் பொறுப்பு.

இணைப்பில் இருக்கும்போது ஸ்ட்ரீமிங் (சர்வர் உடனுக்குடன் செய்தி அனுப்பும் தொடர் இணைப்பு) வழியாக நீக்கச் செய்தி வருகிறது. அதில் பதிவின் ஐடி இருக்கும். ஆனால் இணைப்பு இல்லாத நேரத்தில் வந்த செய்திகளைச் சர்வர் பிறகு மீண்டும் அனுப்புவதில்லை. ஆகவே வேறு வழி வேண்டும்.

பத்தாயம் அவர்கள் சொன்ன அமைப்பே இதற்கு உதவுகிறது. ஒரு பக்கத்தைப் பெறும்போது, அதன் முதல் ஐடிக்கும் கடைசி ஐடிக்கும் இடையில் ஃபீடில் இப்போது என்னென்ன இருக்கின்றன என்ற முழுப் பட்டியலும் நம் கையில் இருக்கிறது. அதே எல்லைக்குள் நம் சேமிப்பில் இருந்து, விடையில் இல்லாத பதிவு எதுவாயினும், அது நீக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதை எழுதியவரைப் பின்தொடர்வதை நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது தடை செய்திருக்க வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் அது இனி முகப்பில் தெரியக் கூடாது. எனவே அந்த எல்லைக்குள் மட்டும், விடையில் இல்லாதவற்றை டைம்லைன் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லைக்கு வெளியே கைவைக்காதீர்கள். அங்கே என்ன நடந்தது என்று அந்த விடை எதையும் சொல்லவில்லை.

அதற்கும் கீழே உள்ள பழைய பதிவுகளைச் சரிபார்க்க, 2024 இல் வந்த மாஸ்டடான் 4.3 பதிப்பில், பல ஐடிகளை ஒரே அழைப்பில் கொடுத்துப் பதிவுகளைப் பெறும் வசதி சேர்க்கப்பட்டது. நீக்கப்பட்டவை அந்த விடையில் வரமாட்டா. நல்ல இணைப்பு கிடைத்ததும், பயனர் அடுத்துப் பார்க்கவிருக்கும் பகுதியை இவ்வாறு சரிபார்த்துவிடலாம். பழைய பதிப்பில் ஓடும் சர்வராக இருந்தால், பயனர் ஒரு பதிவைத் திறக்கும்போதாவது அதைத் தனியாகக் கேட்டு, 404 (அப்படி ஒன்று இல்லை) என்ற விடை வந்தால் உடனே சேமிப்பிலிருந்து அகற்றுங்கள். திருத்தப்பட்ட பதிவுகளுக்கும் இதே வழி பயன்படும். 2022 இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து பதிவைத் திருத்தும் வசதி இருப்பதால், திருத்திய நேரத்தையும் சேமித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கு என் கருத்து: மூன்று நாள் போதும். தம்பி மலையேறும் ஒரு பயணத்துக்கும், வார இறுதி முழுவதும் இணைப்பு இல்லாமல் போவதற்கும் அது போதுமானது. அதற்கு மேல் வைத்திருப்பதால் படிப்பவருக்குக் கிடைக்கும் நன்மை சிறிது. நீக்கப்பட்ட பதிவுகள் தங்கிவிடும் வாய்ப்போ ஒவ்வொரு நாளும் கூடுகிறது. பயனர் தானே புக்மார்க் செய்தவற்றை மட்டும் இந்தக் கெடுவிலிருந்து விலக்கலாம்.

கணக்கிலிருந்து வெளியேறும்போது அந்தக் கணக்கின் எல்லா வரிசைகளும் படக் கேச்சும் அழிய வேண்டும். ஃபீடில் பின்தொடர்வோருக்கு மட்டும் எழுதப்பட்ட பதிவுகளும் இருக்கும் என்பதை மறவாதீர்கள். ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புப்பிரதியிலிருந்தும் இந்தத் தரவுத்தளக் கோப்பை விலக்கிவையுங்கள்; இல்லையென்றால் பிறருடைய தனிப்பட்ட பதிவுகள் பயனரின் மேகக் கணக்குக்குள் அவர் அறியாமலேயே போய்ச் சேரும். இந்த இரண்டையும் செயலியை வெளியிடும் முன்பே செய்துவிடுங்கள்.

மறுமொழி: அஞ்சல்பெட்டி

இணைப்பு இல்லாதபோது எழுதுவதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

படிக்கும் கேச் அழிந்தால் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். பயனர் எழுதி இன்னும் போகாத பதிவு அழிந்தால் மீட்க வழியே இல்லை. ஆகவே அதை கேச் கோப்புறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். இடம் குறைந்தால் அந்தக் கோப்புறையைத் தானாகவே துடைக்க ஆண்ட்ராய்டுக்கு உரிமை உண்டு. அனுப்பவேண்டியவற்றுக்குத் தனி அட்டவணை ஒன்றை அமைத்து, இணைத்த படத்தையும் செயலியின் நிலையான கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முகவரியை மட்டும் வைத்திருந்தால், அனுப்பும் நேரத்தில் அதைப் படிக்கும் அனுமதி காலாவதியாகியிருக்கலாம்.

அனுப்புவதற்கு, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜர் பொருத்தமானது. இணைப்பு வந்ததும் ஓடச் சொல்லலாம். பதிவு இரட்டிப்பதைத் தவிர்க்க ஐடம்பொட்டன்சி கீ என்ற தலைப்பை மாஸ்டடான் ஏற்றுக்கொள்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், பதிவு சர்வரை அடைந்து, விடை மட்டும் திரும்பி வராமல் போவது அடிக்கடி நடக்கும். அதே கீயுடன் மறுபடி அனுப்பினால் சர்வர் புதிய பதிவு போடாமல் பழையதையே திருப்பித் தரும். இந்தக் கீயை அனுப்பும்போது உருவாக்கக் கூடாது. பயனர் பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் உருவாக்கி, பதிவோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும்.

ஆனால் சர்வர் அந்தக் கீயை அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். ஒர்க்மேனேஜரோ தோல்விக்குப்பின் காத்திருக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், 5 மணி நேரம் வரைகூட நீட்டும். எனவே முதல் முயற்சியின் முடிவு தெரியாமல் ஒரு மணி நேரம் கடந்துவிட்டால், மறுபடி அனுப்பும் முன் பயனரின் சொந்தப் பதிவுகளைக் கேட்டு, அது ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தச் சோதனையை எழுதாததால் என் செயலியில் ஓர் இரங்கல் செய்தி இரண்டு முறை பதிவானது. அந்தப் பயனரிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

விருப்பக்குறிகள் இதைவிட எளியவை. 'மாற்று' என்ற செயலை வரிசையில் சேர்க்காமல், 'இந்தப் பதிவு இந்த நிலையில் இருக்க வேண்டும்' என்ற முடிவு நிலையைச் சேமியுங்கள். நான்கு முறை தொட்டாலும் கடைசி நிலை ஒன்றுதான் அனுப்பப்படும். அனுப்பும் முன் ஃபீட் புதுப்பிக்கப்பட்டால், சர்வர் பழைய நிலையைத்தான் சொல்லும். திரையில் குறி அணைந்து எரிவதைத் தவிர்க்க, பதிவு அட்டவணையில் சர்வர் சொன்னதை அப்படியே வைத்து, நிலுவையில் உள்ளதைப் படிக்கும் வினவலில் மேலே பொருத்திக் காட்டுங்கள். பதிவே நீக்கப்பட்டு 404 வந்தால் நிலுவையை எடுத்துவிடலாம், மீண்டும் முயல வேண்டியதில்லை.

மறுமொழி: மலைப்பாதை

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. ஒரு வாரம் உட்கார்ந்து, அட்டவணைகளைப் பிரித்து, துடைக்கும் வரியை எடுத்து, இடைவெளிக் குறியையும் எல்லைக்குள் சரிபார்ப்பதையும் எழுதி முடித்தேன். காப்புப்பிரதியிலிருந்து விலக்கிவிட்டேன். நேற்றுத் தம்பி பொள்ளாச்சியிலிருந்து ஏறியபோது வழிநெடுகப் படித்துக்கொண்டே போயிருக்கிறான்.

ஆயினும் ஒரு குறை. பத்தாயம் அவர்கள் சொன்னபடி ஐடியைக் கொண்டே இடத்தை நினைவில் வைக்கிறேன். செயலியை மூடித் திறந்தால் சரியான இடம் வருகிறது. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே 40 புதிய பதிவுகள் மேலே சேர்ந்தால் பட்டியல் இன்னமும் தாவுகிறது. நான்கைந்து பதிவுகள் மட்டும் சேர்ந்தால் தாவுவதில்லை. மேலும், ரிமோட்மீடியேட்டரில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டுமே வழி இருக்கிறது. நடுவில் உள்ள இடைவெளியை எங்கிருந்து நிரப்புவது?

மறுமொழி: பத்தாயம்

இரண்டாவது கேள்விக்கு முதலில். இடைவெளியை ரிமோட்மீடியேட்டர் வழியாக நிரப்ப முயலாதீர்கள். குறியைத் தொட்டதும் தனியாக ஓர் அழைப்பை அனுப்பி, வந்ததை நேரே ரூமில் எழுதுங்கள். அட்டவணை மாறியதை ரூம் அறிந்து, பட்டியலைத் தானே மீண்டும் ஏற்றிக்கொள்ளும்.

தாவுவதற்கான காரணம் நீங்கள் சொன்ன எண்ணிலேயே இருக்கிறது. ரூம் தரும் பேஜிங்சோர்ஸ், அதாவது பட்டியலுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் பகுதி, ஐடியைப் பார்ப்பதில்லை; பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணைப் பார்த்தே இயங்குகிறது. அட்டவணை மாறியதும், பயனர் நின்ற எண்ணிலிருந்து தொடக்க ஏற்ற அளவில் (முதலில் ஒரே தடவையில் ஏற்றும் வரிசைகளின் எண்ணிக்கை) பாதியைக் கழித்து, அங்கிருந்து மீண்டும் ஏற்றுகிறது. பக்க அளவு 20 என்று வைத்திருந்தால், தொடக்க ஏற்ற அளவு இயல்பாக அதன் மூன்று மடங்கு, அதாவது 60. எனவே நின்ற இடத்துக்கு முன்னும் பின்னும் 30 வரிசைகள் வரை ஏற்றப்படும். மேலே ஐந்து பதிவுகள் சேர்ந்தால், பார்த்துக்கொண்டிருந்த பதிவு ஐந்து இடம் தள்ளிப்போனாலும் அந்த 60 க்குள்ளேயே இருக்கும். பட்டியல் அதைக் கண்டுபிடித்து அதே இடத்தில் நிறுத்திவிடும். 40 சேர்ந்தால் அது 40 இடம் தள்ளிப்போகிறது, ஏற்றிய பகுதிக்கு வெளியே போய்விடுகிறது. கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லாததால் தாவுகிறது.

எளிய தீர்வு, தொடக்க ஏற்ற அளவை 120 ஆக உயர்த்துவது. ஒரே நேரத்தில் 40 தான் சேரும் என்ற உறுதி உங்களுக்கு இருப்பதால் அது போதும். நான் செய்திருப்பது வேறு: புதியவற்றைத் தரவுத்தளத்தில் எழுதிவிடுகிறேன், ஆனால் பட்டியலின் வினவலில் ஓர் எல்லை ஐடியை வைத்து, பயனர் 'புதிய பதிவுகள்' பொத்தானைத் தொடும் வரை அதற்கு மேலுள்ளவற்றைக் காட்டுவதில்லை. தொட்டதும் எல்லையை உயர்த்துகிறேன். முதலில் 120 ஐ முயன்று பாருங்கள், ஒரு வரிதான்.

மறுமொழி: மலைப்பாதை

120 ஆக மாற்றினேன். எமுலேட்டரில் பத்து முறை 40, 40 ஆகச் சேர்த்துப் பார்த்தேன், ஒரு முறையும் தாவவில்லை. இடைவெளியையும் தனி அழைப்பாகப் பிரித்துவிட்டேன். அனுப்பும் அட்டவணையும் ஒரு மணி நேரச் சோதனையும் பாக்கி இருக்கின்றன. அவற்றை முடிக்கும் வரை, இணைப்பு இல்லாதபோது எழுதும் பதிவு தானாகப் போகாமல் வரைவாக மட்டும் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.